ஏ பக்கம் கடிதம், மீதி பாலு

எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாட வந்து ஐம்பது ஆண்டு நிறைவதையொட்டி, அவர் மகன் சரண் 'எஸ்.பி.பி. 50' என்று ஓர் உலகச் சுற்றுப்பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். 2016 ஆகஸ்டில் டொராண்டோவில் தொடங்கி ரஷ்யா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று போன அந்தப் பயணத்தில் துபாயும் இருந்தது. நான் அப்போது சார்ஜாவில் குடும்பத்தோடு இருந்தேன். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "கூத்தாநல்லூர் பாய்க்குச் சொல்லிட்டீங்களா?"

பாய் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊரில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் இலங்கை வானொலியிலும் நான் கேட்டு வளர்ந்த பாலு ஒருவர். 1992இல் சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு லேபர் கேம்ப் அறையில், பாயுடைய நேஷனல் பானசோனிக்கில் கேட்ட பாலு இன்னொருவர். அதே குரல், அதே பாட்டு. கேட்கிற காதுதான் கடல் தாண்டி வந்திருந்தது.

எனக்கு அப்போது ஏசி டக்ட் வேலையில் ஹெல்பர் உத்தியோகம். தகடு வெட்டுகிறவருக்குப் பிடித்துக் கொடுப்பது, மடித்த டக்டைத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோவது, ஃபிட்டர் முடுக்கி முடிக்கும்வரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிற்பது. சம்பளம் 600 திர்ஹம், ஓவர்டைம் தனி. ஏஜெண்டுக்காக வாங்கிய கடனுக்கு மன்னார்குடியில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அறையில் நாலு இரட்டைக் கட்டில், எட்டுப் பேர். எனக்கு மேல்கட்டில். கீழே பாய். கட்டிலுக்கடியில் பெட்டி, தலைமாட்டில் டேப் ரெக்கார்டர், அதன்மேல் தூசி படாமல் ஒரு கைத்துண்டு.

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வெளிநாட்டில் சம்பாதிக்கிறவரைச் சபுராளி என்பார்கள். பாய் பழைய சபுராளி. முதலில் குவைத்தில் இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை உள்ளே வந்தபோது, சேர்த்து வைத்த அத்தனையும் அங்கேயே போயிற்று. பஸ்ஸிலும் லாரியிலும் பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போய், கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஏறினார். அப்படி ஏற்றி வரப்பட்ட இந்தியர்கள் 1,70,000 பேருக்கு மேல். கூத்தாநல்லூரில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தார், தாக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் சார்ஜாவுக்கு விசா வாங்கி வந்தார். முதல் மாதச் சம்பளத்தில் மெத்தை வாங்காமல் டேப் ரெக்கார்டர் வாங்கினாராம். "முதுகு வலிச்சா வலிச்சுட்டுப் போவுது தம்பி. மனுசன் குரல் கேக்காம எப்படித் தூங்குறது?" என்பார்.

அவரிடம் இருந்த கேசட்டுகளில் 'கேளடி கண்மணி' ஒன்று. குவைத் பறிபோன அதே 1990இல் வந்த படம். எஸ்.பி.பி. கதாநாயகனாகவே நடித்தது. மூச்சு விடாமல் பாடுவதுபோல அதில் வரும் பாட்டை எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். யாராவது ஒருவர் பாதியில் விட்டுவிட்டு இருமுவார்.

வியாழக்கிழமை ராத்திரிதான் எங்களுக்கு விடிந்த மாதிரி. மறுநாள் வெள்ளி, விடுமுறை. ரோலா கடைவீதிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி, கேசட் கடை வாசலில் நிற்போம். கடைக்குள்ளிருந்து ஒரு பாட்டு, பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு பாட்டு. தாம்சன் கேசட்டுகளை அந்தக் காலத்தில் வளைகுடாவில் வேலை பார்த்த யாருக்கும் நினைவிருக்கும். மலையாளம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த எல்லா வரிசையிலும் பாலுவின் படம் இருக்கும். இதை நான் ஊரில் இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். ஊரில் அவர் நம்முடையவர், அவ்வளவுதான். இங்கே, எட்டுப் பேர் அறையில், அவருக்குப் பங்கு கேட்டு ஆள் ஆளுக்கு வந்தார்கள்.

எங்கள் அறையிலேயே கரீம்நகர்க்காரர் இரண்டு பேர். 'சங்கராபரணம்' ஓடினால் இருவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அவர் "மா பாலு". அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு முதல் தேசிய விருது. பிறகு இந்தி, கன்னடம், தமிழ் என்று சேர்த்து மொத்தம் நாலு மொழியில் ஆறு விருது வாங்கினார். பக்கத்து அறையில் ஒரு பட்டான் டிரைவர். பெஷாவர் பக்கம். வாரத்தில் இரண்டு நாள் கதவைத் தட்டி, 'மைனே பியார் கியா' போடச் சொல்லி வாசலிலேயே குந்தி உட்கார்ந்து கேட்பார். பாடுகிறவர் எங்கள் பக்கத்து ஆள், மெட்ராஸில் இருக்கிறவர் என்று பாய் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை. மதராசிக்கு இந்தி இப்படி வராது என்பது அவர் கட்சி.

மலப்புரத்துக்காரர் மட்டும் அசையமாட்டார். அவருக்கு ஜேசுதாஸ். "தாஸேட்டனுக்கு அப்புறம்தான் எல்லாரும்" என்பார். அவருக்கும் பாய்க்கும் இதில் நடந்த வாக்குவாதத்தில் எத்தனை டம்ளர் சுலைமானி டீ ஆறிப்போயிருக்கும்! பிற்காலத்தில், ஐம்பது ஆண்டு நிறைவை ஒட்டி எஸ்.பி.பி. ஜேசுதாஸின் காலைக் கழுவிப் பாதபூஜை செய்த படம் பேப்பரில் வந்தபோது, பாய் ஊரிலிருந்து எனக்குப் போன் செய்து, "மலப்புரத்தான் நம்பர் இருக்கா? அவன் சொன்னது சரின்னு பாலுவே ஒத்துக்கிட்டாரு, சொல்லணும்" என்றார்.

ஏன் இந்தக் குரல் எங்களை இப்படிப் பிடித்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மகா வித்துவான்களின் பாட்டில் ஓர் உயரம் உண்டு. அண்ணாந்துதான் கேட்க வேண்டும். பாலு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர். வரிக்கு நடுவில் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு மெட்டிலிருந்து வெளியே போகாது. சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும். தெலுங்கு வீட்டில் பிறந்தவர் என்பது அவர் தமிழில் எங்கும் தட்டுப்படாது. அதற்கு அவர் உழைத்திருக்கிறார். மெட்ராஸில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எம்.எஸ். விஸ்வநாதனிடம் பாடிக் காட்டியதையும், குரல் நன்றாக இருக்கிறது, தமிழ் உச்சரிப்பைச் சரி செய்துகொண்டு வா என்று அவர் சொல்லி அனுப்பியதையும் எஸ்.பி.பி. பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சரி செய்துகொண்டுதான் போனார். 1969இல் 'சாந்தி நிலையம்', 'அடிமைப்பெண்'. அந்த 'அடிமைப்பெண்' பாட்டுப் பதிவுக்கு முன்பு அவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு ஆளை வைத்துப் பாடவைக்காமல் எம்.ஜி.ஆர். காத்திருந்த கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு.

பாய்க்கு இதில் பிடித்தது எம்.எஸ்.வி. பகுதிதான். நான் சைட்டில் இந்தி புரியாமல் ஃபோர்மேனிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து படுத்திருந்த ஒரு ராத்திரி, கீழிருந்து கட்டில் கம்பியைத் தட்டினார். "தம்பி, பாலுவும் பொழைக்க வந்த எடத்துல பாஷை கத்துக்கிட்டவருதான். உச்சரிப்பு சரியில்லன்னு திருப்பி அனுப்புனாங்க. மூஞ்சியத் தூக்கிவச்சிக்கிட்டுப் படுத்திருந்தா இன்னைக்கு நம்ம யாரைக் கேக்குறது?" என்றார். மறுநாளிலிருந்து அவரே எனக்கு இந்தி சொல்லிக் கொடுத்தார். பாடமாக வைத்தது 'ஏக் தூஜே கே லியே' கேசட்.

கேசட்டுக்கு எங்களிடம் இன்னொரு வேலையும் இருந்தது. இன்று அதைச் சொன்னால் என் மகள் வேடிக்கையாகப் பார்க்கிறாள். ஊருக்குப் போன் போட்டால் நிமிடத்துக்கு நிமிடம் காசு பறக்கும். எங்கள் வீட்டில் போனும் இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பேசி அனுப்புவோம். மலையாளிகளுக்கு இதில் ஒரு பாட்டே உண்டு. எஸ்.ஏ. ஜமீல் எழுபதுகளில் எழுதிப் பாடிய துபாய்க் கடிதப் பாட்டு: வளைகுடாவில் இருக்கும் புருஷனுக்கு மனைவி எழுதும் கடிதம், பிறகு அவன் எழுதும் பதில். மலப்புரத்துக்காரர் அதைப் பாடினால் அறையில் கல்யாணமானவர்கள் வெளியே எழுந்து போவார்கள். தமிழில் எங்களுக்கென்று அப்படி ஒரு பாட்டு வாய்க்கவில்லை. சினிமாப் பாட்டுதான் எல்லாத்துக்கும்.

புதுக் கேசட் வாங்கக் காசில்லாத மாதம் ஒன்றில், பாய் தன்னிடமிருந்த பழைய எஸ்.பி.பி. கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாட்டு பதிந்து விற்கிற கேசட்டில் மேல் விளிம்பின் இரண்டு ஓரத்திலும் சின்னப் பள்ளம் இருக்கும், அழித்துப் பதிய முடியாதபடி. அந்தப் பள்ளத்தைச் செலோ டேப்பால் ஒட்டி மூடினால் மேலே பதியலாம். பாய் பல்லால் டேப்பைக் கடித்து அளவாக ஒட்டினார். பென்சிலை விட்டு நாடாவை இறுக்கினார். சிவப்புப் பொத்தானையும் பாட்டுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அறையில் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விண்டோ ஏசியை நிறுத்தினோம். எனக்குப் பேச்சு வரவில்லை. நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, கூட இருக்கவங்க எல்லாம் நல்லவங்க என்று சொன்னதையே சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். ஏ பக்கத்தில் ஒரு பாட்டும், அடுத்த பாட்டில் பாதியும்தான் அழிந்திருந்தன. மீதி நாடா முழுக்கப் பாலு அப்படியே இருந்தார்.

ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் போட்டுக் கேட்டார். அவர் சொல்ல என் தங்கை எழுதிய பதில் வந்தது. வயலில் தண்ணீர், மாமா மகள் கல்யாணம், வட்டி கட்டிய கணக்கு எல்லாம் எழுதி, கடைசியில்: "நீ பேசி முடிச்சதும் ஒரு பாட்டு பாதியிலேருந்து வருது. ரொம்ப நல்லா இருக்கு. அதோட முன்பாதியையும் அடுத்த தடவை அனுப்பச் சொல்லி அம்மா சொல்லுது." அடுத்த கேசட்டில் அந்தப் பாட்டை முழுசாகப் பதிந்து, அதற்கப்புறம்தான் பேசினேன்.

இனி அந்தக் கச்சேரி ராத்திரி. சார்ஜாவிலிருந்து துபாய்க்குள் நுழைவதற்குள் இத்திஹாத் சாலையில் வழக்கமான நெரிசல். நான் எடுத்திருந்த டிக்கெட் அந்தக் கேம்ப் நாளில் என் அரை மாதச் சம்பளம். அதைவிடப் பல மடங்கு விலையில் எனக்கு முன்னால் வரிசை வரிசையாக நாற்காலி இருந்தது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, வேட்டி, கோட்டு. தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும், இங்கேயே பிறந்த பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் என் வயதுக்காரர்கள். பலருடைய நடையிலும் உட்காரும் விதத்திலும் பழைய கேம்ப் தெரிந்தது. அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாலுவுக்கு அப்போது எழுபது வயது. மேடைக்கு வந்து அவர் முதல் வரியை எடுத்ததும் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர். பாட்டு முடியும்வரை விடவில்லை, நானும் விலக்கவில்லை. குரலில் வயது தெரிந்ததா என்றால், மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் கீழே, சொல்லைத் தடவிக் கொடுக்கிற இடத்தில், அந்தக் கேசட்டில் இருந்ததைவிடக் கனிந்திருந்தது. சிரித்தார். அதே சிரிப்பு. வாத்தியக்காரர் ஒருவர் நன்றாக வாசித்தால் தான் பாடுவதை மறந்து அவரைப் பார்த்து ரசிக்கிற மனிதர் அவர். தொலைக்காட்சியில் பார்த்ததுதான், எதிரில் பார்க்கும்போது அந்தப் பெருந்தன்மையின் அளவு புரிந்தது. என் மகள் பாதிப் பாட்டுகளை முதல்முறையாகக் கேட்டாள். "அப்பா, உங்களுக்கு எல்லா லைனும் எப்படித் தெரியும்?" என்று காதில் கேட்டாள். தெரியாமல் எப்படி? எட்டுப் பேருக்கு மூன்று டஜன் கேசட் இருந்த அறை அது.

சுற்றிலும் ஆயிரம் செல்போன் உயர்ந்திருந்தன. எனக்கு அதில் குறையில்லை, நானும் தூக்கினேன். பாய்க்கு நேரடியாகக் கேட்க வைக்க ஆசை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. ஆகவே ஒரு பாட்டைக் குரல்பதிவாகப் பிடித்து அனுப்பினேன். கேசட் காலத்துக்கு அப்புறம் இவ்வளவு வந்தும், பிடித்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதாகத்தான் முடிந்தது. பதில் சீக்கிரமே வந்தது. "ஆளுங்க கத்துறதுதான் கேக்குது தம்பி. நீயும் சேர்ந்து பாடுற. உன்ன யாரு பாடச் சொன்னா? பாலுவ பாட விடு!"

என் அம்மாவின் பாட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. நாற்பதாயிரம் பாட்டுக்கு மேல் பாடியவர் என்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் எதைத்தான் பாடுவது?

இடைவேளையில் வெளியே வந்தபோது, அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே துப்புரவுச் சீருடையில் ஒரு பையன் மாப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கேட்டேன், அரியலூர் பக்கம். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. "உள்ள வந்து ஓரமா நின்னு கேளேன் தம்பி" என்றேன். "டூட்டிண்ணே. சூப்பர்வைசர் பாத்தா போச்சு. யாராச்சும் கதவத் தொறக்கும்போதெல்லாம் நல்லாவே கேக்குது." பிறகு அவனே கேட்டான்: "அண்ணே, அப்பாவுக்கு இவருன்னா உசிரு. எப்படி இருக்காரு? இளைச்சிட்டாரா?"

இரண்டாம் பாதியில் எனக்குப் பாட்டில் மனம் முழுசாகப் போகவில்லை. அந்த மண்டபத்துக்குள் இருந்த நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் கதவுக்கு வெளியே நின்றவர்கள். எங்களுக்குப் பாலு தேவைப்பட்ட நாளில் அவரைப் பார்க்கக் காசில்லை. காசு வந்த நாளில் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். இன்றைக்கு இந்தப் பாட்டு யாருக்கு மருந்தாக வேண்டியிருக்கிறதோ அவன் மாப்புக் கட்டையோடு வெளியே நிற்கிறான். அவனாவது கதவருகே நின்றான். சோனாப்பூர், அல் கூஸ் கேம்ப்களில் படுத்திருக்கிறவர்களுக்கு இப்படி ஒருவர் ஊருக்கு வந்திருப்பதே தெரியாது.

அந்தத் துபாய்க் கச்சேரியிலாவது இளையராஜா பாட்டுகள் இருந்தன. சில மாதத்தில் அதுவும் இல்லாமல் போனது. 2017 மார்ச்சில், அதே பயணம் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன் அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. இனி அவற்றைப் பாடமாட்டோம் என்று எஸ்.பி.பி. வெளிப்படையாக அறிவித்தார். இசையமைப்பாளருக்கு உரிமை உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வீட்டில் இரண்டு அண்ணன்மார் பேசாமல் இருந்தால் தம்பிக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. 2019 ஜூன் 2ஆம் தேதி சென்னை ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் இருவரும் ஒரே மேடையில் நின்றதைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது.

அதற்கு மறு வருடம் கொரோனா. ஆகஸ்ட் 5ஆம் தேதி எஸ்.பி.பி. மருத்துவமனையில் சேர்ந்தார். 20ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு எல்லாரும் அவரவர் இடத்திலிருந்து அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தனை செய்யச் சொல்லிப் பாரதிராஜா அழைப்பு விடுத்தார். இங்கே அப்போது நாலரை மணி, ஆகஸ்ட் வெயில். நான் சைட் ஆபீசில் இருந்தேன். ஸ்டோர் கீப்பர், இரண்டு எலெக்ட்ரீஷியன், ஒரு நேபாளிக் காவலாளி, நான். முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்று, போனில் பாட்டைப் போட்டோம். கூத்தாநல்லூரில் பாய் பழைய டேப் ரெக்கார்டரை வாசலில் கொண்டுவந்து வைத்து ஓடவிட்டதாக அவர் மகன் படம் அனுப்பினார்.

செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. அமீரகத்தில் அப்போது அது விடுமுறை நாள், எல்லாரும் வீட்டில் இருந்தோம். மதியத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. சாயங்காலம் பாய் கூப்பிட்டார். "தம்பி, அன்னைக்கு அனுப்பினியே, ஜனங்க கத்துறது, நீ கூடப் பாடுறது. அது என் போன்ல அழிஞ்சிபோச்சு. உங்கிட்ட இருக்கா? இருந்தா அனுப்பு." இருந்தது. அனுப்பினேன்.

பாலு போன பிறகு, எக்ஸ்போ 2020 துபாயில் நடந்தபோது, 2022 மார்ச் 5ஆம் தேதி ஜூபிளி மேடையில் இளையராஜா கச்சேரி. எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது இதுதான். அந்தக் கச்சேரிக்கென்று தனி டிக்கெட் இல்லை. எக்ஸ்போவுக்கு ஒருநாள் நுழைவுச்சீட்டு 95 திர்ஹம், 60 வயது தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. மெட்ரோ வாசல்வரை போகிறது. முன்வரிசை, பின்வரிசை என்கிற விலைப்பட்டியல் இல்லாமல், சீக்கிரம் வந்தவன் முன்னால் நின்றான். கம்பெனி டீ-ஷர்ட்டோடு வந்தவர்களை நான் அங்கே நிறையப் பார்த்தேன். ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறி நின்று பார்த்தான். பாலு பாடிய பாட்டுகளை வேறு குரல்கள் பாடின. நன்றாகவே பாடினார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் பாடகரை முந்திக்கொண்டு பாடியது. அந்த ஜனவரியில்தான் அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியிருந்தது. அன்று சனிக்கிழமை. கட்டட வேலைக்காரர்கள் பலருக்குச் சனியும் வேலைநாள்தான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வந்திருப்பார்கள்!

துபாய் சிட்டி வாக்கில் 2019இல் திறந்த கோகோ கோலா அரீனாவில் 17,000 பேருக்கு இடம் உண்டு. பெரிய பெரிய நட்சத்திரங்கள் வருகிறார்கள், வரட்டும். சம்பாதித்தவன் காசு கொடுத்துக் கேட்பதில் தப்பில்லை. நான் கேட்பது, அப்படி வருகிறவர்கள் ஒரே ஒரு சாயங்காலத்தைக் கேம்ப் பக்கம் ஒதுக்கக் கூடாதா என்பதுதான். முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, ஒரு குரல் போதும். மெஸ் ஹாலில் ஆயிரம் பேர் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த மாதிரி ஒரு சபை எந்த ஊரிலும் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறுகிறவன், கைகொட்டினால் சும்மா கொட்டமாட்டான்.

அவர்கள் வரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய கேம்ப் ஆட்கள் சிலர் சேர்ந்து, குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில், கேம்ப் பாஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு போகிறோம். எங்களில் பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள். ஒன்பதரைக்குள் முடித்தாக வேண்டும். முதலில் பையன்கள் அனிருத் கேட்பார்கள், போடுவோம், ஆடுவார்கள். அதற்கப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு ஸ்கஃபோல்டர், ஒரு சமையல்காரர், மெல்லக் கையைத் தூக்குவார்: "ஒரு எஸ்.பி.பி. கிடைக்குமா?" அந்த ஒன்றோடு நிற்காது. பாட ஆரம்பித்தவர் வரி மறந்தால் நூறு பேர் எடுத்துக் கொடுப்பார்கள், அதில் தெலுங்கு ஆட்களும் இருப்பார்கள்.

பாய்க்கு இப்போது காது மந்தம். ஒவ்வொரு கேம்ப்புக்கும் பாட்டுப் பட்டியலை அவர்தான் தருகிறார். என் அம்மா கேட்ட பாட்டு எப்போதும் மூன்றாவதாக இருக்கும். அடுத்த மாதம் சோனாப்பூர். கீபோர்டுக்கு ஒரு தம்பி கிடைத்துவிட்டார், தபேலாவுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.